நண்பருக்காக

"கண்ணாடிக்குள்ள இருக்கிறது யாருங்க?" என்று மனைவி கேட்டாள்.

டோப்பாக்காரர் தன் கடையின் இணையதளத்தை ஊருக்குத் திறந்துவிட்டு அப்போது சரியாகப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை காலை. மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, புது மாப்பிள்ளையைக் காட்டுவதுபோல் திருப்பிக் காட்டியிருந்தார். 'நல்லா இருக்கு' என்ற ஒரு வார்த்தையைத்தான் அவர் எதிர்பார்த்தார்.

"எந்தக் கண்ணாடி?"

"இதோ, தலைக்கு முன்னாடி சுவத்துல மாட்டியிருக்கே, அது. அதுக்குள்ள வாயைப் பிளந்துக்கிட்டு ஒருத்தர் தெரியறாரே."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தார். படத்தில் பெரிதாக ஒரு பின்னந்தலை. உச்சியில் வழுக்கை, சுற்றிலும் வேலி கட்டியதுபோல் கொஞ்சம் முடி. பக்கத்திலேயே இன்னொரு படம்: அதே தலை, அடர்ந்த கறுப்பு முடியோடு. அதெல்லாம் சரி. முதல் படத்தில் தலைக்கு அப்பால் கடையின் நிலைக்கண்ணாடி இருந்தது. அதற்குள் நல்ல வெளிச்சத்தில், வாயை அரைகுறையாகத் திறந்தபடி உட்கார்ந்திருந்தவர், நாளை மறுநாள் மாலை நாலு மணிக்குக் கல்யாணத் தேதி பேச வரப்போகும் சம்பந்தி.

டோப்பாக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். அவரேதான்.

"எங்கேயோ பார்த்த மூஞ்சியா இருக்கே" என்றாள் மனைவி. அவள் சம்பந்தியை முடியோடு மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

"இந்த வயசுக்கு எல்லாருமே எங்கேயோ பார்த்த மூஞ்சிதான்" என்று சொல்லி மடிக்கணினியைப் பட்டென்று மூடினார்.

அவரை டோப்பாக்காரர் என்று சொல்வது அவருக்குப் பிடிக்காது என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. 'சிகை நிபுணர்' என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்வார். ஆனால் அதைக்கூட அவர் எங்கும் எழுதி மாட்டியதில்லை. முதல் மாடியில் இருந்த அவர் கடையின் பலகையில் 'சீப்பு, பிரஷ், கைக்கண்ணாடி' என்று மட்டும்தான் இருக்கும். சீப்பு வாங்குகிறவர்கள் முன்படி வழியாக வருவார்கள். சீப்பு தேவைப்படாதவர்கள் பின்படி வழியாக வருவார்கள். ஆண்களும் வருவார்கள், பெண்களும் வருவார்கள். அளவு எடுக்கும் நோட்டில் பெயர் எழுதவேண்டிய இடத்தில் ஏறக்குறைய எல்லாரும் ஒரே பெயரைத்தான் எழுதுவார்கள்: 'நண்பருக்காக'. நண்பரின் தலைக்கு ஏன் வந்தவருடைய தலையை அளக்கவேண்டும் என்று அவர் கேட்டதே இல்லை.

முப்பது வருடத் தொழிலில் அவர் வாயிலிருந்து ஒரு பெயர் வெளியே போனதில்லை. தெருவில் வாடிக்கையாளர் எதிரே வந்தால் உடனே பக்கத்துக் கடையில் எதையாவது விலை கேட்க ஆரம்பித்துவிடுவார். இப்படி விலை கேட்டுக் கேட்டே அவர் வீட்டில் ஏழு டார்ச்லைட் சேர்ந்திருந்தது. இந்த வாய்க்கட்டுப்பாட்டுக்கு அடுத்தபடியாக அவர் பெருமைப்பட்டுக்கொள்ளும் விஷயம் அவருடைய கண். எந்த டோப்பாவாக இருந்தாலும், எவ்வளவு திறமையாக வைத்திருந்தாலும், பத்தடி தூரத்தில் கண்டுபிடித்துவிடுவார். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர்களில் ஆரம்பித்து பேருந்து நிலையம்வரைக்கும் யார் தலையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் வெளியே சொல்லமாட்டார்.

மகள் தான் விரும்பிய பையனைப் பற்றி வீட்டில் சொல்லி, பையனின் பெற்றோர் முதன்முறை பார்க்க வந்தபோது, வாசலிலேயே அவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. வந்தவர் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் பிரின்சிபால். ஒழுக்கத்துக்குப் பேர்போனவர். அறுபதை நெருங்கும் வயதிலும் தலை கருகருவென்று இருந்தது. அந்தக் கருகரு இவருடைய கைவேலை. நோட்டில் நாற்பத்தோராம் எண். பதினோரு வருடமாக வந்துபோகிற தலை. இருவரும் அன்றைக்குத்தான் முதலில் சந்திப்பதுபோல் கைகுலுக்கிக்கொண்டார்கள். பிரின்சிபால் மட்டும் கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார். புரிந்தது என்று இவரும் அழுத்தினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிரின்சிபாலின் மனைவி அதிகம் பேசாதவர். தலைநிறைய முடியை அள்ளிப் பெரிய கொண்டையாகப் போட்டிருந்தார். அவர்கள் போன பிறகு, "அந்தம்மா முடியைப் பார்த்தியா? அசல். இந்த வயசுல அப்படி ஒரு முடியை நான் பார்த்ததே இல்ல" என்று டோப்பாக்காரர் மனைவியிடம் ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரின்சிபாலின் முடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இவ்வளவு கட்டுப்பாடான மனிதர் எப்படி இந்தக் குழியில் விழுந்தார் என்றால், பின்படியில் ஆள் நடமாட்டம் குறைந்துபோனதுதான் காரணம். வாரத்துக்கு எட்டுப் பேர் ஏறிய படியில் இப்போது இரண்டு பேர் ஏறினால் அதிகம். வழுக்கை குறைந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை.

"இப்பல்லாம் யாருப்பா படியேறுவாங்க? எல்லாரும் ஃபோன்ல தேடுவாங்க. நம்ம கடை அதுல இல்லவே இல்ல" என்றாள் மகள். ஒரு தாளை எடுத்து மூன்று வழிகளை எழுதிக் கொடுத்தாள். இதையே தொழிலாகச் செய்யும் கம்பெனியிடம் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் தெரிந்த மாமாவிடம், அதாவது அவருடைய மச்சினனிடம் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஆயத்தமாகக் கிடைக்கிற மாதிரிப் பக்கங்களில் ஒன்றை எடுத்து, படத்தையும் எழுத்தையும் மாற்றித் தானே செய்துகொள்ளலாம்.

கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். வந்ததும், "உங்க வாடிக்கையாளர் நாலு பேரை கேமரா முன்னாடி உட்கார வெச்சு, டோப்பாவைக் கழட்டி மாட்டிக் காட்டச் சொன்னா பிரமாதமா இருக்கும் சார்" என்றார். அவரை டோப்பாக்காரர் முன்படி வழியாகவே அனுப்பிவைத்தார்.

மச்சினனுக்கு எல்லாம் தெரியும். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சாயங்காலத்துக்குள் ஊருக்கும் தெரிந்துவிடும். ஆகவே அதுவும் ஆகாது.

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த போட்டிக் கடையின் இணையதளத்தை மகள் காட்டினாள். அதில் ஒரு முகம்கூட இல்லை. மரத்தலைகளில் டோப்பாக்களை மாட்டி வரிசையாக வைத்திருந்தார்கள். பெயர் சொல்லவேண்டாம், நேரில் வரவேண்டாம், அளவை எழுதி அனுப்பினால் சாதாரணப் பெட்டியில் வீட்டுக்கே வரும் என்று போட்டிருந்தது. டோப்பாக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"கட்டையைப் பார்த்து எவன்மா வாங்குவான்? நிஜத் தலை வேணும். முன்னாடி இப்படி, பின்னாடி இப்படின்னு காட்டணும். நானே செஞ்சுக்கறேன், விடு."

தானே செய்தால் ரகசியம் வீட்டைத் தாண்டாது என்பது அவர் கணக்கு.

மாதிரிப் பக்கங்களில் பேக்கரிக்கு இருந்தது, பூக்கடைக்கு இருந்தது, டோப்பாவுக்கு இல்லை. முடி சம்பந்தப்பட்டதாக ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. நாய் பூனைகளைக் குளிப்பாட்டி, முடிவெட்டி அனுப்பும் கடைக்கான பக்கம். நாய்ப் படத்தை எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அதையே எடுத்துக்கொண்டார். இடையிடையே ஒரு பெட்டி வந்து, உங்கள் முகவரிப் புத்தகத்தைப் பயன்படுத்தலாமா, செய்தி அனுப்பலாமா என்று என்னென்னவோ கேட்டது. அது போனால் போதும் என்று எல்லாவற்றுக்கும் 'சரி' என்று தட்டினார்.

படம் போடும் இடத்தில்தான் அவர் மிகவும் யோசித்தார். அளவுக்காக எடுத்த படங்கள் கணினியில் நூற்றுக்கணக்கில் இருந்தன. முகம் தெரிகிற படங்களை எல்லாம் ஒதுக்கினார். பின்னந்தலையாக இருந்தால் யாருக்கும் கேடில்லை என்று தேடி, தன் தொழிலிலேயே சிறந்த வேலை என்று நினைத்த நாற்பத்தொன்றைப் போட்டார். போடுவதற்கு முன் கால்மணி நேரம், முன்னும் பின்னுமாக எடுத்த இரண்டு படங்களையும் உற்றுப் பார்த்தார். முடியின் சரிவு, வகிட்டின் நேர்த்தி, ஓரத்தில் தையல் மறைந்த விதம் எல்லாவற்றையும் பார்த்தார். கண்ணாடியை மட்டும் பார்க்கவில்லை. முப்பது வருடமாகத் தலையை மட்டுமே பார்த்த கண் அது.

மனைவி சமையலறைக்குப் போனதும் அவர் படத்தைத் திருத்த உட்கார்ந்தார். கண்ணாடி இருக்கும் பாகத்தை வெட்டிவிடவேண்டும், அவ்வளவுதான். கத்தரிக்கோல் படம் போட்ட பொத்தானை அழுத்தினார். ஒரு கட்டம் வந்தது. கட்டத்தைக் கண்ணாடியைச் சுற்றிக் கவனமாகப் பொருத்தி, வெட்டு என்று கட்டளை கொடுத்தார். கட்டத்துக்குள் இருப்பதை வைத்துக்கொண்டு மீதியைத்தான் அது வெட்டும் என்பது வெட்டிய பிறகு தெரிந்தது. இப்போது பின்னந்தலை போய்விட்டது. பக்கம் முழுக்க பிரின்சிபாலின் முகம் மட்டும், வழுக்கையோடு, வாயைத் திறந்தபடி நிறைந்திருந்தது.

அதைவிட மோசம், படத்துக்குக் கீழே அவர் மாற்ற மறந்திருந்த பழைய எழுத்து இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. 'மிகவும் சாது. கடிக்காது. குழந்தைகளோடு நன்றாகப் பழகும்.'

பதினோரு வருடம் தன்னை நம்பித் தலையைக் குனிந்து கொடுத்த மனிதர். டோப்பாக்காரருக்கு அந்த மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல் இருந்தது.

எழுத்தை அழிக்க முயன்றார். அது பெரிதாகிச் சிவப்பு நிறத்துக்கு மாறியது. சரி, முகத்தையாவது மறைப்போம் என்று கண்கள்மேல் கறுப்பாக ஒரு பட்டை போட்டார். செய்தித்தாளில் பிடிபட்ட ஆட்களைப் போடுவதுபோல் ஆகிவிட்டது. பட்டையை எடுக்கத் தெரியவில்லை. படத்தை நீக்கவும் தெரியவில்லை. இனி யாரிடமாவது கேட்டாகவேண்டும். மகளிடம் கேட்க முடியாது. அவள் பார்த்தால், மாமனாராக வரப்போகிறவரின் ரகசியம் மருமகளுக்கே தெரிந்துபோகும்.

வேறு வழியில்லாமல் மச்சினனைக் கூப்பிட்டார். அவன் வந்து திரையைப் பார்த்தான். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தான். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தான்.

"அத்தான், இது நம்ம சம்பந்தியாச்சே" என்றான்.

"வாயை மூடு. நீக்கு."

"நாய்க்கடைப் பக்கத்துல எதுக்கு அவரைப் போட்டீங்க? ஏதாவது மனஸ்தாபமா?"

டோப்பாக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் மச்சினன் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவன் இளகிப்போய், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வேலையில் இறங்கினான். செய்த மாற்றங்களைச் சேமித்தால்தான் தளத்தை நீக்கவிடும் என்று சொல்லிச் சேமித்தான். பிறகு தளம் மொத்தத்தையும் நீக்கினான். மூன்றே நிமிடத்தில் திரை வெள்ளையானது. டோப்பாக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார்.

அப்போது அவருடைய ஃபோனில் ஒரு மெயில் வந்தது. மச்சினன் ஃபோனிலும் வந்தது. சமையலறையில் மனைவி ஃபோனும் கத்தியது.

'எங்கள் குடும்பத்தில் ஒரு புதுச் செல்லம். வந்து பாருங்கள்' என்று தலைப்பு. அதற்குக் கீழே கறுப்புப் பட்டையோடு பிரின்சிபால்.

"சேமிச்சா எல்லாருக்கும் தகவல் போகும்னு நீங்க சரி குடுத்திருக்கீங்க அத்தான்" என்றான் மச்சினன். முகவரிப் புத்தகத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, முந்நூற்றுப் பன்னிரண்டு என்று தேவையில்லாமல் சொன்னான். அக்கா, மகள் ஃபோன்களில் வந்ததை மட்டும் அவர்கள் பார்ப்பதற்குள் அவனே எடுத்து அழித்துவிட்டான்.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் சம்பந்தி வீட்டு மெயிலும் ஒன்று. கல்யாண மண்டபப் படங்களை அனுப்ப பிரின்சிபாலின் மனைவியே கொடுத்த முகவரி.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஃபோன் ஓயவில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக, குரலைத் தாழ்த்தி, அடுத்தது என் நண்பர் படமும் வருமா என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் மன்னிப்புக் கேட்டார். ஒருவர், "முப்பது வருஷமா உங்களை நம்பினோமே" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவர் கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சம்பந்தி வீட்டிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவரை அரித்தது. மகள் சனிக்கிழமைக்காக வாசலைக் கழுவிவிட்டு, ஜன்னல் துணிகளை மாற்றிக்கொண்டிருந்தாள். ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டு வேலை செய்தாள். அவளைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு படம் போடத் தெரியாத அப்பனால் இந்தக் கல்யாணம் நின்றால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்துக்கொண்டே, அவள் ஏறி நின்ற நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை நாலு மணிக்குச் சரியாக அவர்கள் வந்தார்கள். பிரின்சிபால் வழக்கம்போல் விறைப்பாக வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல் வெயிலைப் பற்றிப் பேசினார். அவர் மனைவி வழக்கம்போல் பேசாமல் உட்கார்ந்திருந்தார். காபி வந்தது. தேதியைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. டோப்பாக்காரரால் அதற்குமேல் தாங்கமுடியவில்லை. தோட்டத்தைப் பார்க்கலாம் என்று சொல்லி, நாலு தொட்டிச்செடி இருந்த பால்கனிக்குப் பிரின்சிபாலை அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"சம்பந்தி, நான் செஞ்சதுக்கு மன்னிப்பே கிடையாது. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். என் பொண்ணு மேல மட்டும் அதைக் காட்டிடாதீங்க" என்றார்.

"எதுக்கு?" என்றார் பிரின்சிபால்.

"அந்த மெயில்."

"எந்த மெயில்? நான் மெயிலெல்லாம் பார்க்கிறதில்ல. வீட்ல அவதான் பார்ப்பா."

டோப்பாக்காரருக்குத் தான் வாயைத் திறந்தது எவ்வளவு பெரிய பிசகு என்று புரிந்தது. ஆனால் பாதி சொல்லி நிறுத்தினால் பிரின்சிபால் விடுகிற ஆள் இல்லை. வேறு வழியின்றி எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடி, கத்தரிப்பு, பட்டை. கடிக்காது என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

பிரின்சிபால் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆயிரம் பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற மனிதர், திடீரென்று நேரம் கழித்து வந்த மாணவனைப்போல் ஆகிவிட்டார்.

"பதினோரு வருஷம். அவளுக்குத் தெரியாம பதினோரு வருஷம் ஓட்டிட்டேன். பார்த்தாளா இல்லையான்னு மட்டும் எப்படியாவது கேட்டுச் சொல்லுங்க சம்பந்தி. பார்த்திருந்தா நான் இனிமே அவ முன்னாடி தலை நிமிர முடியாது."

தலை நிமிர்வதைப் பற்றி அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கவேண்டாம். ஆனால் இருவருக்கும் சிரிக்கிற நிலை இல்லை.

கேட்கவேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. டோப்பாக்காரர் உள்ளே வந்தபோது பிரின்சிபாலின் மனைவி காலி டம்ளரோடு நடையில் நின்றுகொண்டிருந்தார். கூடத்தில் மனைவியும் மகளும் நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"மெயில் வந்துச்சு."

டோப்பாக்காரர் தரையைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்க சம்பந்தியம்மா" என்று முணுமுணுத்தார்.

"அவர் பார்க்கிறதுக்குள்ள அழிச்சிட்டேன். அவர் தலையில என்ன இருக்குன்னு எனக்கு முதல் நாளே தெரியும். வீட்டுல ஒரே பீரோதான். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். அதனால நான் எதையும் பார்க்கல. நீங்களும் எதையும் அனுப்பல. தேதி அடுத்த மாசக் கடைசியில வெச்சுக்கலாம்."

இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஒரு நொடியில் இறங்கிப்போனது. டோப்பாக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி எந்த ஜென்மத்திலும் இணையதளம் என்ற பேச்சையே எடுக்கமாட்டேன், அதைத் தொட்டதே மடத்தனம், முப்பது வருடம் பின்படியை நம்பிப் பிழைத்தவனுக்கு அது போதும் என்று சொன்னார்.

அந்த அம்மாள் கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பால்கனிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு கையை உயர்த்தி, அந்தப் பெரிய கொண்டையை, தொப்பியை நகர்த்துவதுபோல் மொத்தமாக ஒரு விரற்கடை இடதுபக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு சொன்னார்:

"அப்படிச் சொல்லாதீங்க சம்பந்தி, உங்களுக்கு அப்பவே ஒரு இணையதளம் இருந்திருந்தா, என் சிநேகிதி ஒருத்தி ஏழு வருஷமா மேம்பாலத்துக்கு அந்தப் பக்கக் கடையில வாங்கி இப்படி அவஸ்தைப்பட்டிருக்க மாட்டா."